மணப்பெண்கள் குழுவில் ஒரு மேற்பார்வையாளர்

1. அறிவித்தல்

ஆங்கில பாட ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் ஒரு தனியார் மொழி நிலையத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். கணவனிடம் ஜேர்மனிக்குப் போகும் பெண்கள் அடிப்படை ஜேர்மன் பரீட்சையில் சித்தியடைந்திருக்க வேண்டும். அவர்கள்தான் எங்கள் மாணவிகள்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன். ஆசிரியை பலகையில் வினைச்சொற்களை எழுதிக்கொண்டிருந்தார். பின்வரிசை முழுவதும் மடியில் போன்.

"என்ன நடக்குது?"

"வட்ஸ்அப் குழு, சேர்," என்றாள் குருநகரிலிருந்து வரும் டெலினா. "எங்களைப் போலை விசாவுக்குக் காத்திருக்கிற பொம்பிளையள். துருக்கி, மொரோக்கோ, பிலிப்பைன்ஸ், இஞ்சை குருநாகலிலை ஒரு சிங்களப் பிள்ளை. ஒராளின்ரை பாசை மற்றாளுக்குத் தெரியாது. அதாலை ஜேர்மனிலைதான் கதைக்கிறது."

"ஆர் படிப்பிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

பாடத்திட்டம் இல்லை, ஆசிரியர் இல்லை. இதைவிடச் சிறிய குற்றத்துக்கு நான் பாடசாலை அதிபர்களிடம் எழுத்தில் விளக்கம் கோரியிருக்கிறேன். வகுப்பில் போன் தடை என்று மும்மொழியிலும் அறிவித்தல் ஒட்டினேன்.

டெலினா ஏற்கெனவே ஒருமுறை தவறியவள். எழுத்தில் நல்ல புள்ளி. வாய்மொழிப் பரீட்சையில் பெயரைக் கேட்டதும் ஊமையாகிவிட்டாள். இம்முறையும் தவறினால் அடுத்த கலியாண நாளும் வீடியோ அழைப்பில்தான். நானே அவளைப் பயிற்றத் தொடங்கினேன். நான் கேட்பேன், அவள் சுவரைப் பார்ப்பாள்.

"கேள்வி கேட்டாப் பொலிஸ் விசாரிக்கிற மாதிரி இருக்கு சேர்."

2. மேற்பார்வை

அந்தக் குழுவையும் முறைப்படி பரிசோதிக்க முடிவு செய்தேன். டெலினா என்னைச் சேர்த்துவிட்டாள். உடனே துருக்கிக்கார அய்செலின் குரல்பதிவு வந்தது: உங்கள் மனைவியும் ஜேர்மனியிலா?

இந்த வேலைக்காகப் புத்தகத்தில் படித்த ஜேர்மன் இலக்கணம் எனக்குத் தலைகீழாகப் பாடம். வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் வயது, சமைக்கத் தெரியுமா, தலைமயிர் இருக்கிறதா என்று வேறு மூன்று கேள்விகள் வந்து விழுந்தன. ஒருவழியாகப் பதில் சொன்னேன். பிலிப்பைன்ஸ்காரி அதைத் திருத்தினாள்.

"பயப்பிடாதேங்கோ சேர்," என்றாள் டெலினா. "பிழையாச் சொன்னாலும் விளங்கும்."

பிறகு அவள் போனை எடுத்து அய்செலைப் பிடித்துக்கொண்டாள். வீடு எங்கே, தாய் யாரோடு இருக்கிறா, மாமி நல்லவவா, அங்கே மீன் என்ன விலை. புதிதாக ஒருவரைக் கண்டால் நாங்கள் எந்த ஊர், ஆரின்ரை பிள்ளை என்று தொடங்குவோமே, அதே விசாரணைதான், ஜேர்மனில். இலக்கணம் ஆங்காங்கே அடிபட்டுக் கிடந்தது. ஆனால் அய்செல் திருப்பிக் கேட்டபோது டெலினா தன்னை அறியாமலே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

அன்று பின்னேரமே அறிவித்தலைக் கிழித்தேன். அகற்றுவதற்கு மூன்று மொழியும் தேவைப்படவில்லை.

"பிள்ளை, பரீட்சையிலை அவை கேக்கும் வரைக்கும் நிக்காதையும்," என்றேன். "உள்ளை போன உடனை நீர் சுகம் விசாரியும்."

3. கொழும்பு

பரீட்சை முடிந்ததும் அழைத்தாள்.

"உள்ளை போய், எப்பிடிச் சுகம் மிஸ் எண்டு கேட்டன். அவ சிரிச்சிட்டா. பிறகு என்ரை பேர் தன்ரை பாட்டிலை வந்திட்டுது."

"பக்கத்து ஆளிட்டைக் கேள்வி கேக்கிற பகுதி?"

"பக்கத்திலை ஒரு பெடியன். எனக்குக் குடும்பம் எண்டு தலைப்பு எழுதின அட்டை வந்துது. அக்கா இருக்கோ எண்டு கேட்டன். ஓமெண்டான். கலியாணம் முடிச்சிட்டாவோ? இல்லையாம். ஏன் எண்டு கேட்டன்."

"ஒரு கேள்விதானே கேக்கவேணும் பிள்ளை?"

"ஓம் சேர். அதுதான் மிஸ் கையைக் காட்டி நிப்பாட்டிப்போட்டா."

வாய்மொழியில்தான் அவளுக்குக் கூடிய புள்ளி. இப்போது கணவனோடு இருக்கிறாள். குழுவை விட்டுப் போகவில்லை. நான் ஒருநாள் பேசாமல் இருந்தால், சுகமில்லையா என்று ஜேர்மனில் விசாரணை வருகிறது.

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். ஆசிரியர் கேட்க மாணவர் பதில் சொல்லும் ஒழுங்கை ஒரு பாடவேளைக்காவது திருப்பிப் போடுங்கள். பிள்ளைகள் முதலில் உங்களைப் பற்றித்தான் கேட்பார்கள். பாடக்குறிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பதிலோடு போங்கள்.