வெள்ளிக்கிழமைக் கேடி

கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமக்கிறவனுக்கு முதல் வேலை பை சுமப்பது அல்ல. இன்னொருவர் பந்தை அடிக்கும்போது அந்த இடத்திலேயே இல்லாதவன் போல நிற்பது.

இங்கே முதலில் சொல்லப்போகும் கதையை நான் கண்ணால் காணவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே பல வருடமாகப் பை சுமக்கும் சந்திரன் அண்ணன் எனக்குச் சொன்னார். அவருக்கு வேறு யாரோ சொன்னார்களாம். எனக்கு முன்னால் ரவி என்று ஒருவர் அங்கே பை சுமந்தார். ஒரு பெரிய மனிதர் குழிக்குப் பக்கத்தில் குனிந்து, கடைசித் தட்டுத் தட்டப்போன நேரம் பார்த்து ரவியின் சட்டைப் பையில் போன் அடித்துவிட்டது. அன்று பின்னேரமே வேலை போய்விட்டது. அதிலிருந்து, மைதானத்துக்குள் இறங்குமுன் எல்லோரும் போனை எங்கள் கொட்டகையில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டுத்தான் போவோம். நிர்வாகம் போட்ட சட்டம் அல்ல. நாங்களே போட்டுக்கொண்டது.

நீங்களும் யாரோ ஒருவரின் அமைதிக்காக உங்கள் போனை ஒளித்து வைத்துவிட்டு வேலை செய்கிறவர் என்றால், மிச்சம் உங்களுக்குச் சுலபமாக விளங்கும்.

பட்டதாரியின் புதுப் பதவி

கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. வரலாறு படித்தேன். ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் போகவே, திகனப் பக்கம் இருக்கும் இந்த மைதானத்தில் சேர்ந்தேன். அப்பா மாநகர சபைத் தொழிலாளி. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். என் படிப்புச் செலவு அங்கிருந்துதான் வந்தது. நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தையும் அவர் போனில்தான் பார்த்தார்.

அம்மாவின் போன் அந்த வீட்டு மேடத்திடம் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை மட்டும் அரை மணித்தியாலம் அம்மாவின் கைக்கு வரும். நம் நேரப்படி பத்தரை மணி. வேலை கிடைத்த புதிதில் ஒரு வெள்ளி வீட்டில் இருந்தேன். பை சுமக்கிறவருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ, அது நம் வாய்க்குள் வந்ததும் "கேடி" ஆகிவிடுகிறது. நானும் யோசிக்காமல், "அம்மா, நான் கேடியாச் சேந்திருக்கேன்" என்றேன். அம்மா கேட்டார்: "ஏன்டா, கேடியாகுறதுக்கா கம்பஸ் போன? அத நம்ம ரோட்டு முடுக்குலயே படிச்சிருக்கலாமே!"

பார்

புதியவனுக்கு நாள் தெரிவு செய்யும் உரிமை இல்லை. எனக்குக் கிடைத்த நாட்களில் வெள்ளிக்கிழமையும் ஒன்று. அன்று மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் வருவார். ஒன்பது மணிக்குத் தொடங்கி, ஒன்பது குழியோடு முடித்துக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். தமிழில் பேச ஆள் வேண்டும் என்று என்னையே கேட்டு எடுத்தார்.

முதல் நாள் நாலாவது குழியில் பந்து உருண்டுபோய் உள்ளே விழுந்தது. ஹாஜியார் இரண்டு கைகளையும் தூக்கி, "பார்!" என்று கத்தினார். நான் பார்த்தேன். முதலில் வானத்தை, பிறகு நீர்த்தேக்கத்தை, பிறகு அதற்கு அப்பால் இருந்த மலையை. ஒன்றும் தெரியவில்லை. "எதப் பாக்கணும், ஹாஜியார்?" என்று கேட்டேன். ஒரு குழிக்குப் பந்தை இத்தனை தடவைதான் அடிக்கலாம் என்று கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கிலேயே பந்தைப் போட்டுவிட்டால் அதற்குப் பெயர்தான் பார் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபடி சொன்னார்: "ரெண்டு வருசத்துக்குப் பொறகு இண்டைக்கித்தான், மகன், ஒரு பார் வந்திச்சி, நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிண்டுட்டீங்களே!"

நிழலின் சத்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் வருவார். கண்டியில்தான் வேலை. அவருக்குக் கவனம் சிதறுவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. மரத்தில் குரங்கு இருந்தால் அது தன்னையே பார்க்கிறது என்பார். குரங்கு போய்விட்டால், ஏன் போனது என்று யோசிப்பார். அடிக்குமுன் மூன்று முறை மூச்சை இழுத்துவிடுவார். மூன்றாவது மூச்சில் எங்கேயாவது ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

ஒரு நாள் குரங்கு இல்லை, பஸ் இல்லை, காற்றும் இல்லை. நான் மூச்சைக்கூட பிடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் மட்டையைத் தூக்கினார், இறக்கினார், என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒண்ணும் பேசலயே சார்" என்றேன். டொக்டர் புல்லைக் காட்டினார்: "ஓம், நீர் பேசேல்லத்தான் தம்பி, ஆனா உம்மட நிழல் சரியாச் சத்தம் போடுது."

ஆறாவது குழி

பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து வைப்பதும் எங்கள் வேலைதான். அதில் நான் மோசமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஹாஜியாரும் நானும் ஆறாவது குழியில் இருப்போம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். ஹாஜியாரின் பந்து ஒரு பக்கம் பறக்கும். என் கண் கூரைக்குப் போகும். டின்னுக்குள் என் போன் இப்போது வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன்.

அம்மா குரல் பதிவு விட்டிருப்பார். திரும்பிப் போகும் பஸ்ஸில் அதைக் கேட்பேன். "சாப்பிட்டியா? அப்பா மருந்து குடிக்கிறாரா? சரி, வைக்கிறேன்." நான் பதில் பதிந்து அனுப்பினால் அதை அவர் அடுத்த வெள்ளிதான் கேட்பார். பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். சில நாள் மஹய்யாவையில் இறங்காமல், கேட்டுக்கொண்டே டவுன் வரை போய்விட்டு நடந்து திரும்புவேன்.

பிறகு இரண்டு வெள்ளி தொடர்ந்து ஒரே மாதிரிப் பதிவு வந்தது: "உன்கிட்ட ஒரு விசயம் கேக்கணும். இதுல கேக்க முடியாது. பேசுறப்ப கேக்குறேன்." எனக்குத் தெரியும், அம்மாவின் ஒப்பந்தம் முடிகிற நேரம். திரும்பி வருவாரா என்பதுதான் அந்த விசயம். தெரிந்தும் இரண்டாவது வெள்ளியும் போனை டின்னில்தான் போட்டேன். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அன்று ஆறாவது குழியில் மட்டும் மூன்று பந்தைத் தொலைத்தேன். தேட வந்த சந்திரன் அண்ணன் புதரை விலக்கிக்கொண்டே கேட்டார்: "மத்த எட்டுக் குழியிலயும் கழுகு மாதிரிப் பாக்குற, இங்க வந்தா மட்டும் உனக்கு என்னடா, மாலைக்கண்ணா?"

சட்டைப் பையில் ஒரு நடுக்கம்

மூன்றாவது வெள்ளி போனை டின்னில் போடவில்லை. சத்தத்தை அமர்த்திவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் குழியிலிருந்தே என் கை அங்கே போய்ப் போய் வந்தது. ஆறாவது குழியில் ஹாஜியார் குனிந்தார். பந்துக்கும் குழிக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. போன் நடுங்கத் தொடங்கியது. சத்தம் இல்லை என்று நான் நினைத்தேன். ஆனால் பையில் சாவிக் கொத்தும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கறகறவென்றன. பந்து குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மன்னிச்சிக்கங்க ஹாஜியார். அம்மா. குவைத்துல இருந்து" என்றேன். ஹாஜியார் பந்தைப் பார்த்தார், என் சட்டைப் பையைப் பார்த்தார், மர நிழலுக்குப் போய் நின்றுகொண்டார். "எடுங்க மகன். போன கிழம யாரும் போன் கோல் எடுக்கல்ல, அப்பவும் பந்து விழல்லதானே."

எடுத்தேன். பல கிழமைகளுக்குப் பிறகு அம்மா என்னோடு பேசினார். என் பதிலும் அப்போதே அவருக்குக் கேட்டது. அம்மா சொன்னது இது: "இன்னும் ரெண்டு வருசம் இருக்கியானு மேடம் கேட்டாங்க. உன்னக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு ரெண்டு வெள்ளி பாத்தேன், நீ எடுக்கல, சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்பா. ஏன்டா மூச்சு வாங்குது, ஓடி வந்தியா?"

விசாரித்தது

போன மாதம் தெல்தெனிய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். பேச்சோடு பேச்சாக மைதானத்தில் வேலை என்றேன். ஓட்டுநர் திரும்பிச் சிரித்தார். அவர்தான் ரவி. போன் அடித்த கதையைக் கேட்டேன். அடித்தது உண்மை. வேலை போனது பொய். ஆட்டோ வாங்கியதும் தானாகவே வேலையை விட்டு நின்றிருக்கிறார். நான் நம்பாமல், மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வருகைப் பதிவேட்டையும் புரட்டிப் பார்த்தேன். போன் அடித்ததாக அவர் சொன்ன நாளுக்குப் பிறகும் ஏழு மாதம் ரவியின் கையெழுத்து இருக்கிறது. அன்று நான் ஆட்டோவை விட்டு இறங்கும்போது ரவி சொன்னதும் அப்படியே நினைவிருக்கிறது: "போன் அடிச்ச சத்தத்துல சார் கை ஆடிப்போச்சு தம்பி, பந்து நேரா குழிக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு எனக்கு டீயும் ரோல்ஸும் வாங்கிக் குடுத்தாரு!"

நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து எந்தக் கதைக்கும் ஆதாரம் எங்கே என்று கேட்கப் பழகிய நான், அந்தக் கேள்வியை ஒரு பிஸ்கட் டின்னிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.