அமைச்சர் சொல்லாத பெயர்கள்

போன வாரம் பேரனின் சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அந்த வாசனை போதாதா? என்னைப் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சிவகாசி அச்சாபீசில் உட்கார வைத்துவிட்டது. அங்கே டைப் என்கிற ஈய எழுத்துகளைக் கழுவுவது மண்ணெண்ணெயில்தான்.

அப்போது நான் அங்கே புரூப் திருத்துகிறவன். ஆங்கிலப் பரீட்சையில் ரெண்டு தடவை கோட்டடித்தவனுக்கு அந்த வேலை கொஞ்சம் அதிகம்தான். மூலத்தைச் சத்தமாக வாசிக்க எதிரே செல்வி உட்காருவாள். பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அர்த்தம் தெரியாது, ஆனால் கமா, புல்ஸ்டாப் எதையும் விடமாட்டாள். அவளுக்கென்று இருந்தது ஒரே தங்கச்சி. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை.

காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் சும்மா கிடந்த மாசத்தில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உலகப் போர் சமயத்தில் சபையில் பேசியதையெல்லாம் அவர் பேரன் புத்தகமாகப் போடுகிறார். பெரும்பாலும் கொட்டாவி வரவழைக்கிற பேச்சுதான். நடுவே ஓர் இடம். அவர் தொகுதியில் குண்டுக்கு மருந்து அடைக்கும் தொழிற்சாலை வெடித்துப் பெண்கள் செத்துப்போகிறார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்லுங்கள் என்கிறார் இவர். போர்க்காலம், முடியாது என்கிறார் அமைச்சர். மனுஷர் விடவில்லை. வாரம் தவறாமல் எழுந்து கேட்கிறார்.

செல்விக்கு இதை விளக்கிச் சொன்னது என் தப்பு. காலையில் வந்து உட்கார்ந்ததும், "அண்ணே, பேரைச் சொல்லிட்டாகளா?" என்பாள்.

கடைசிப் பக்கம் வரை அமைச்சர் சொல்லவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"சொல்லிட்டாக புள்ள. எல்லாப் பேரையும் சபையிலே வாசிச்சாக."

"அதானே! கேட்டுக்கிட்டே இருந்தா சொல்லித்தானே ஆகணும்."

அந்தக் கோடையில் தங்கச்சி வேலை பார்த்த கம்பெனி வெடித்தது. நானும் செல்வியோடு ஓடினேன். கேட்டைத் திறக்கவில்லை. பெயர்கள் அப்புறம் வரும் என்றார் உள்ளேயிருந்து ஒருவர். காயம்பட்டவர்களை மதுரைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று, கேட்டில் கூடியிருந்த மற்ற சொந்தக்காரர்கள் வேன் பிடித்து அங்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள், அவளையும் கூப்பிட்டார்கள்.

"நீங்க போங்க. நான் இங்கனயே நின்னு கேக்கேன். பேரைச் சொல்லாம எங்க போவாக?"

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ரெண்டு நாள் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ரெண்டு நாளும் தங்கச்சி மதுரையில் உயிரோடு கிடந்திருக்கிறாள். நாங்கள் போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து செல்வி ஆபீசுக்கு வந்தாள். "பேரு போட்ட அந்தப் பக்கத்தைக் காட்டுங்கண்ணே."

அப்படி ஒரு பக்கம் இல்லை என்றேன்.

"பொய்யா சொன்னீக?" என்று கேட்டாள். அத்தோடு போனவள்தான்.

கம்ப்யூட்டர் வந்தது, சத்தமாக வாசிக்க ஆள் வேண்டியதில்லாமல் போனது. பிறகு அச்சாபீசும் இல்லை. ஆமத்தூரில் செல்வி இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். அங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

அந்த அமைச்சரின் பெயர் எனக்கு இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. தங்கச்சியின் பெயர் ஞாபகம் இல்லை. ரெண்டு நாளும் செல்வி அந்தக் கேட்டில் நின்று அதைச் சொல்லிச் சொல்லித்தான் கத்தினாள். பக்கத்தில்தான் நின்றேன்.