றஹ்மாவின் புறுபுறுப்பு

றஹ்மாவுக்கு முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டது. வாய் எப்போது புறுபுறுக்கத் தொடங்கியது என்பதுதான் யாருக்கும் தெரியாது. நரைக்கு அவள் மருதோண்டி பூசியதில்லை, வாய்க்குப் பூட்டும் போட்டதில்லை. புத்தளத்துக் களப்போரக் குடியேற்றத்தில் வந்து அவள் வீட்டை விசாரிப்பவர்களுக்கு அந்த இரண்டு அடையாளமும் போதுமாயிருந்தன.

அவளுடைய பேச்சுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் முணுமுணுப்பு என்றார்கள், எதிர் வீட்டில் நச்சரிப்பு என்றார்கள். அவள் கணவர் ஜபார் நல்ல மனநிலையில் இருந்தால் சிணுங்கல் என்பார், கோபம் வந்தால் நன்றிகெட்ட வாய் என்பார். உண்மையில் புறுபுறுப்பு என்பதே சரியான சொல். முணுமுணுப்பு அடுத்தவர் காதில் விழாது. நச்சரிப்பவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கும். றஹ்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்கும், ஆனால் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்.

மகள் அஸ்கா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஒருநாள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மா, கிரிஸில் எண்டு ஒரு சொல் இரிக்கி. தல நரைக்கிறதுக்கும் அதான், அனுங்கிக்கிட்டு இரிக்கிறதுக்கும் அதான்."

"வெள்ளக்காரனுக்கும் என்னத் தெரிஞ்சிரிக்கி போல," என்றாள் றஹ்மா. அந்த மேசை ஆடுகிறது, நாலு மாதமாக யாரும் சரிசெய்யவில்லை என்று அதே மூச்சில் தொடர்ந்தாள்.

வெயிலையும் காற்றையும் மீன்காரனையும் அவள் குறை சொன்னாள் என்றாலும், அவளுடைய பெரிய குறை தண்ணீர்தான். தொண்ணூறாம் ஆண்டு உள்நாட்டுச் சண்டையில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, கட்டிய துணியோடு வந்து இறங்கியவர்களுக்குச் புத்தளத்து ஸுலைஹா தன் தென்னந்தோட்டத்தில் இடம் கொடுத்தாள். கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. தோட்டத்து முன்கிணற்றில் எல்லோரும் அள்ளினார்கள். முதல் குடம் அள்ளிய அன்றே, "இது தண்ணியா, கடலா?" என்று றஹ்மா ஆரம்பித்தாள். உவர்த்தண்ணீரில் தேத்தண்ணி திரிந்த மாதிரி இருந்தது. ஜபார் அதை ஒரு மிடறும் மிச்சம் வைக்காமல் குடிப்பார். "இடம் தந்தவங்கட கிணத்தக் குற சொல்லாத. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிக் குடி," என்பார். ஸுலைஹா வீட்டில் எப்போதாவது குடிக்கிற தேத்தண்ணி மட்டும் ருசியாக இருக்கும். பணக்காரர் வாங்குகிற தேயிலை என்று றஹ்மா அதற்கும் ஒரு பாட்டுப் பாடினாள்.

பிறகு அரசாங்கக் காணி கிடைத்தது, கல்வீடு வந்தது, குழாய்த்தண்ணீரும் வந்தது. சண்டை முடிவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜபார் மௌத்தானார். கடைசிக் கிழமையிலும், "அந்தப் பொம்புளட்ட ஒருக்காப் போய் மன்னிப்புக் கேளு றஹ்மா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போகவில்லை. உப்பை உப்பு என்று சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்ற வீம்பு.

சண்டை முடிந்து நாலாம் வருடம், கட்டாரில் இருந்த மகன் உம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தான். மக்காவுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடுவீடாகப் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது வழக்கம். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் பொறுக்க வேண்டும். றஹ்மா முப்பது வீடு ஏறி இறங்கினாள். எல்லோரும் சிரித்துக்கொண்டு, "பொறுத்திட்டோம், எங்களுக்கும் துஆச் செய்ங்க," என்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே வீடு. அங்கே பொறுக்காவிட்டால் தன் பயணமே கூடாமல் போய்விடும் என்று அவள் உண்மையாகவே பயந்தாள்.

பின்னேரம், அஸர்த் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் புறப்பட்டாள். உப்பளப் பாத்திகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. களப்பின் மேல் கானல் அசைந்தது. அந்த அசைவுக்குள் மன்னார்ப் பனைகளும், தன் வீட்டு முற்றமும், முற்றத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிற இளந்தாரி ஜபாரும் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள். தூங்கிக்கொண்டே நடக்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகமாயிருந்தது. வழிநெடுக அவள் எதையும் குறை சொல்லவில்லை.

ஸுலைஹா கட்டிலில் இருந்தாள். அவளுக்கு எழுபது தாண்டி, தலை பஞ்சாய் வெளுத்திருந்தது. றஹ்மா கூடப்பிறந்த அக்காவின் கையைப் பிடிப்பது போல அவள் கையைப் பிடித்தாள்.

"லாத்தா, உம்ராவுக்குப் போறன். ஒங்கட கிணத்துத் தண்ணியக் குடிச்சிக்கிட்டே குற சொன்னவள் நான். அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

ஸுலைஹா பொறுத்தேன் என்று சொல்லவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, பின்கிணற்றில் அள்ளி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

"பின்கிணறா?" என்றாள் றஹ்மா.

"குடி."

குடித்தாள். இளநீர் மாதிரி இருந்தது.

"தகர வேலிக்கு அங்கால அப்பவே இருந்திச்சி," என்றாள் ஸுலைஹா. "ஒரு கிழமையில அத்தன சனம் வந்து எறங்கினீங்க. எல்லாரும் அள்ளினா வத்திப்போயிரும் எண்டு பயந்தன். வேலிய அடைச்சி முன்கிணத்தக் காட்டினன். பொறகு சொல்ல வெக்கம். வருசம் போகப்போக வெக்கமும் கூடிப்போச்சி. நீ குற சொல்லக்குள்ளயெல்லாம், இவளுக்குத் தெரிஞ்சிட்டு எண்டு நான் நடுங்குவன். மன்னிப்பு நான்தான் கேக்கோணும் றஹ்மா."

றஹ்மா கிளாஸைக் கீழே வைக்க மறந்து நின்றாள். இருபத்துமூன்று வருடமாக ஊர் சிரித்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சொன்னது அவ்வளவும் சரி. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவளுக்கு ஜபாரின் நினைவுதான் வந்தது. குழாய்த்தண்ணீர் வரும்வரை அந்த உவர்த்தேத்தண்ணியை நன்றியோடு குடித்துவிட்டுப் போன மனிதர் ஒருவர் இருந்தாரே.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். முடிந்ததும் றஹ்மா கட்டிலில் உட்கார்ந்து, அந்த வெள்ளைத் தலையைத் தடவிவிட்டாள்.

"என்ட பங்கப் பொறுத்திட்டன் லாத்தா. மனசாரப் பொறுத்திட்டன்."

ஸுலைஹா அழுதாள்.

"ஆனா அவர்ட பங்கு என்ட கையில இல்லையே," என்றாள் றஹ்மா. "அத அங்க போய் அல்லாஹ்ட்ட கேக்கிறன். கெடைச்சா வந்து சொல்றன்."