மேசைக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கர்கள்

மேனேஜர் வாயைத் திறந்தால் ஆங்கில மரபுத்தொடர்தான். சட்டைத் தொழிற்சாலையில் எல்லோரும் புரிந்ததுபோல மண்டையை ஆட்டினார்கள். தையலைச் சோதிக்கும் அக்காவுக்கு மட்டும் அது தன்மானப் பிரச்சினை. கேட்டதையெல்லாம், பிழையைக் காட்ட ஒட்டும் சிவப்பு ஸ்டிக்கரில் எழுதிக்கொள்வாள். சாப்பாட்டு இடைவேளையில் அகராதியைப் புரட்டி, அதற்கான தமிழையும் சேர்த்து, மேசைக்கு அடியில் ஒட்டிவைப்பாள். ‘பீஸ் ஆஃப் கேக்: ஊதித் தள்ளுகிற வேலை.’

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்றவர்களை அவள் சட்டை செய்யவில்லை.

அன்று சரக்கைப் பார்வையிட, வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருந்தார். தையல் விட்ட சட்டைக் கட்டைக் காட்டி, அக்காவின் எதிரிலேயே மேனேஜர் சூப்பர்வைசரிடம், “ஸ்வீப் இட் அண்டர் த கார்பெட்” என்றார்.

அக்கா குனிந்து, அதே தொடர் எழுதியிருந்த ஸ்டிக்கரை உரித்தாள். கட்டின்மேல் அதை ஒட்டி, வந்தவர் முன்னால் பொத்தென்று வைத்தாள்.

“பூசி மெழுகுற வேலை என் மேசையில நடக்காது சார்.”