தப்பு போர்டு

என் இரண்டு பிள்ளைகளுக்கும். இதை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். அவசரமில்லை. திணறும் இடத்தில் அம்மாவிடம் கேளுங்கள். "காலேஜ்ல நீங்க என்னதான்ப்பா பண்றீங்க?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். "லேப் திறக்கிறேன், லேப் பூட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு நானும் டிவி பார்க்க உட்கார்ந்துவிடுகிறேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் திறப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவில் அங்கே பார்ப்பதைச் சொன்னதில்லை. உங்களுக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் ஒரு கல்லூரி. அதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மெண்டுக்கு நான் லேப் அட்டெண்டண்ட். அங்கே எல்லோருக்கும் நான் மாமா. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மாமா, மராத்திப் பிள்ளைகளுக்கும் மாமா. மழைக்காலத்தில் லேப் வாசலில் நனைந்த செருப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். உள்ளே ஏசி குளிரில் பாதிப் பேர் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுடைய புரோகிராம் ஓடவில்லை என்றால் அவன் பின்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள். தன் வேலை கெடுகிறதே என்று யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கடைசியில் அது ஓடிவிட்டால் ஐந்து பேரும் சேர்ந்து கத்துவார்கள். முதலில் எனக்கு யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்றுதான் தோன்றும், ஓடிப் போவேன். பிறகு பழகிவிட்டது.

லேப் கதவருகே ஒரு வெள்ளை போர்டு இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தப்பு போர்டு என்பார்கள். எதையாவது கெடுத்தவர்கள், எப்படிக் கெடுத்தோம் என்று தாங்களே அதில் ஒரு வரி எழுத வேண்டும். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அதை ஒரு முறை சத்தமாகப் படிப்பார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அதைச் சொல்லி யாரும் குத்திக் காட்டக் கூடாது. வருடக் கடைசியில் போர்டை நான் துடைத்துவிடுவேன். உச்சியில் ஒரு வரி மட்டும் அழியாத மையில் இருக்கிறது: பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது சர்வரை நிறுத்திவிட்டேன் என்று. எழுதியவர் டிபார்ட்மெண்ட் ஹெட் மேடம்.

நான் சொல்ல வந்தது ஒரு பெண்ணைப் பற்றி. கடைசி வருஷம் படித்தாள். தாராவியில் நம் தெருவுக்கு அடுத்த சந்தில்தான் வீடு. அவள் வாப்பா கீழே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார்; மேலே குடியிருப்பு. அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான்.

சர்வர் என்பது எல்லோருடைய வேலையும் போய்ச் சேருகிற பெரிய கம்ப்யூட்டர். அதைப் பார்த்துக்கொள்ள மாணவர்களுக்கே முறை உண்டு. அந்த வாரம் அவள் முறை. பழைய சர்வரைத் தூக்கிப் போடப் போகிறோம், அதில் உள்ளதை எல்லாம் அழித்துவிடு என்று சொல்லியிருந்தார்கள். அவள் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று பழைய சர்வர், ஒன்று புதியது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அழிக்கச் சொல்லும் கட்டளையை அவள் புதியதில் கொடுத்துவிட்டாள். வகுப்பு முழுவதும் வருஷமெல்லாம் செய்த புராஜெக்ட் அதில்தான் இருந்தது. திங்கட்கிழமை வெளியிலிருந்து எக்ஸாமினர் வருகிறார். அன்று வெள்ளி.

அவள் கத்தவில்லை. கையை மட்டும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, என் ஃபோல்டர் எங்கே?" என்றான். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். சர்வரில் இருப்பதற்கு இன்னொரு நகல் தானாகவே எடுக்கப்பட வேண்டும். தேடிப் பார்த்தால், மழையில் கரண்ட் போன நாளிலிருந்து அது எடுக்கப்படவே இல்லை. அந்தச் சத்தத்தில் அவள் எப்போது எழுந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. செருப்புக் குவியலில் அவள் செருப்பு இல்லாததை நான்தான் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. லீவு என்றாலும் வகுப்பே வந்துவிட்டது. பழைய பென் டிரைவ், மெயில், வாட்ஸ்அப் என்று ஆளுக்கொரு மூலையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வாஷியிலிருந்து வரும் ஒருவன் வீட்டுக்குத் திரும்பிப் போய் அண்ணனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் மட்டும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "நீங்க அவாத்துப் பக்கம்தானே இருக்கேள்? போய்க் கூட்டிண்டு வாங்கோ. நான் போன் பண்ணினா பயந்துடுவா."

"நான் கூப்பிட்டா வருவாளா மேடம்?"

"தனியாப் போக வேண்டாம். ரெண்டு பேரை அழைச்சிண்டு போங்கோ."

அவளோடு புராஜெக்ட் செய்யும் ஒரு பெண்ணும், வாஷிப் பையனும் கிளம்பினார்கள். பட்டறையில் அவள் வாப்பா கத்திரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முதலில் என்னை ஓரமாக இழுத்தார்.

"அண்ணாச்சி, உண்மையச் சொல்லுங்க. புள்ளைய போலீஸ்ல புடிச்சுக் குடுப்பாவளா?"

"ஃபைல் போனதுக்கு எந்த ஊர்ல போலீஸ் வருது பாய்?"

"நேத்துலருந்து சோறு திங்கல. இனிமே காலேஜுக்குப் போவ மாட்டேன், பட்டறையிலயே உக்காருதேன்னு சொல்லுதா. தோலைத் தப்பா வெட்டிப்புட்டா ஒட்ட முடியாது. இது ஒட்டுமா?"

"பாதி ஒட்டிட்டாங்க. மீதிக்கு அவ வேணும்."

இரும்பு ஏணியில் ஏறினோம். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "மாமா, நீங்க எதுக்கு வந்திய? எந்த மூஞ்சிய வச்சிட்டு நான் அங்க வருவேன்?" என்றாள்.

தோழி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேசினாள். "மூஞ்சிய இங்கயே வச்சுட்டு வா, கை மட்டும் போதும். யாரோட ஃபோல்டர்ல எது இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். அழிச்சவளே வந்து அடுக்குடி."

வாஷிப் பையனுக்குத் தமிழ் வராது. அவன் ஏணியில் பாதியில் நின்றுகொண்டு, "டென்ஷன் மத் லே யார், ஜல்தி சல், பூக் லகி ஹை" என்றான். பசிக்கிறது, சீக்கிரம் கிளம்பு என்கிறான்! அவள் உம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அவனுக்கு இடியாப்பம் எடுத்து வைத்தார். அவன் தின்று முடிப்பதற்குள் அவள் முகம் கழுவிவிட்டு வந்துவிட்டாள்.

லேப்பில் நுழைந்ததும் அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக போர்டுக்குப் போனாள். மார்க்கரை எடுத்து இங்கிலீஷில் எழுதினாள்: எந்த மெஷினில் இருக்கிறேன் என்று பார்க்காமல் அழித்தேன். எல்லோரும் ஒரு முறை படித்தார்கள். அவள் மார்க்கரை மூடப் போனாள். மேடம் அதை வாங்கி, அதற்குக் கீழேயே எழுதினார்: நகல் எடுக்கப்படுகிறதா என்று மழைக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அதையும் பிள்ளைகள் படித்தார்கள், கொஞ்சம் மெதுவாக. பிறகு மேடம், "ம், வேலையைப் பாருங்கோ" என்றார். தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்தது.

எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு குழுவினரின் வேலை எங்கேயும் இல்லை. அவர்கள் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சின்னதாக ஒன்று செய்து காட்டினார்கள், மார்க்கும் குறைந்தது. அந்தக் குழுவில் ஒருவன் அவளோடு கொஞ்ச நாள் பேசவே இல்லை. ஆனால் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதும் இல்லை. பிறகு ஒருநாள் மாடிப்படியில் அவள் வாங்கிய வடா பாவில் பாதியை அவன் பிய்த்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். புது சர்வரின் ஜன்னல் இனி சிவப்பாகத்தான் திறக்கும்படி அவள் மாற்றி வைத்தாள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அது ஏன் சிவப்பு என்று கேட்டால், சீனியர்கள் காரணம் சொல்கிறார்கள். பெயர் சொல்வதில்லை.

அவள் பாஸ் செய்துவிட்டாள். இப்போது வாஷியில் ஒரு கம்பெனிக்குப் போய் வருகிறாள். பட்டறை வாசலில் பார்த்தால், "மாமா, போர்டு ரொம்பிடுச்சா?" என்று கேட்பாள்.

அந்த வருஷம் பரீட்சை முடிந்து லேப் காலியான மத்தியானம் போர்டைத் துடைக்கப் போனேன். உச்சியில் உள்ள மேடத்தின் வரியை விட்டுவிட்டுத் துடைத்தேன். மற்ற வரிகள் துணி பட்டதும் போய்விட்டன. அவள் எழுதியது மட்டும் போகவில்லை. அழுத்தி எழுதியிருந்தாள், காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. அந்த மாதிரி எழுத்தின் மேலேயே புது மார்க்கரால் எழுதி, மை ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே ஒரு புது மார்க்கரை எடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்து மெதுவாகத்தான் வரும். அவள் எழுதிய வரியின் மேலேயே, ஒவ்வொரு எழுத்தாக, முதலிலிருந்து கடைசி வரை எழுதினேன். பிறகு துணியால் துடைத்தேன்.