காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில்

முருகேஸ்வரியை வார்டிலிருந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கியடித்தது 1991-இல். காரணம் அவள் வாய்தான். உள்ளூர்ப் பெரிய மனுஷன் ஒருத்தரின் மச்சினனுக்காக, காய்ச்சலில் கிடந்தவனைக் கட்டிலை விட்டு இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அபிராமம் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். பிடித்தால் உடும்புப் பிடி. பதினாலு வருஷம் ஆம்பளை வார்டில் வேலை பார்த்த நர்ஸ், மறுவாரமே கீழே ஆஸ்பத்திரி வாசலோரம் இருந்த அவசரப் பிரிவில் நின்றாள்.

அங்கே அவளை 'வா' என்று சொல்ல நாதியில்லை. சீனியர் நர்ஸ் உலகம்மாள் முதல் நாளே முகத்துக்கு நேரே சொன்னாள்: "இங்கன வாரவன் உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு வாரான். சாப்டியா, தூங்குனியா, ஒண்ணுக்குப் போனியான்னு கேட்டுக்கிட்டு நிக்க இது வார்டு இல்ல."

அவள் சொன்னதிலும் பொய்யில்லை, பாவி. முருகேஸ்வரிக்குக் கை ஓடவில்லை. ஒருத்தனுக்கு ரத்தத்தை நிறுத்துவதற்குள் மூணு பேர் வந்து விழுந்தார்கள். பஞ்சு எங்கே, நூல் எங்கே என்று அவள் தேடினால் எல்லாரும் சிரித்தார்கள். 'பெட்பேன் அக்கா' என்று பேரும் வைத்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வார்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லி மனு எழுதினாள். அதில் டாக்டரும் உலகம்மாளும் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் குறைந்துவிடும் என்று போடவில்லை. வேலைக்கு ஆகாதவள் என்பார்கள், விடவும் மாட்டார்கள்! என்ன நியாயமோ.

ஒருநாள் காலை பத்து மணிக்கு மீனவன் பாக்கர் வந்தான், கூடவே மனைவி காலிதா. விடியக்காலம் வலையிலிருந்து மீன் எடுக்கையில் கையில் ஏதோ குத்தியதாம். டூட்டி டாக்டர் கடுங்காப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். கையில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை.

"மீன் முள்ளு. ஒரு ஊசி போட்டு அனுப்புங்க."

ஊசி போட்ட முருகேஸ்வரிக்கு வாய் சும்மா இருக்குமா? "சாப்பிட்டீகளா அண்ணே?" என்றாள். பின்னால் உலகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டுச் சாப்பிட?" என்றாள் காலிதா. "தாடை இறுகிப் போச்சுங்குறாக. ஒடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட கணக்கா வலிக்குதாம்."

முருகேஸ்வரிக்குப் பழைய ஆள் ஒருத்தன் ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி 'மீன் முள்' என்று சீட்டு எழுதி ஒருத்தனை வார்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அவன் மூத்திரம் கறுத்தது. மறுநாள் அவள் கண் முன்னாலேயே செத்தான். கடித்தது கடல் பாம்பு. கடிபட்டது அவனுக்கே தெரியாது.

"அண்ணே, இந்தப் பாட்டில்ல ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க."

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா?" உலகம்மாள் கத்தினாள். "வாசல்ல இன்னும் ஆறு பேரு நிக்கிறான். அவனைக் கிளப்பு!"

"கிளப்ப மாட்டேன். நீ போயி ஒன் சோலியப் பாரு."

பாட்டில் வந்தது. மூத்திரம் கறுத்திருக்கிறது என்று முருகேஸ்வரி டாக்டரிடம் சொன்னாள். "வெயில்ல தண்ணி குடிச்சிருக்க மாட்டான்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், அவளுக்குப் பொறுமை போய்விட்டது. பாட்டிலைக் கொண்டுபோய் அவருடைய காப்பித் தம்ளருக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"ரெண்டும் ஒரே நெறமா இருக்கு, பாருங்க சார். கடல் பாம்புக் கடி. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இல்லேன்னா, நான் சொல்லியும் அனுப்பலேன்னு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

டாக்டர் தம்ளரைத் தள்ளி வைத்தார். கால் மணி நேரத்தில் குளுக்கோஸ் பாட்டிலோடு பாக்கரை வண்டி ஏற்றினார்கள்.

பாக்கர் பிழைத்தான். டாக்டர் கண்டுபிடித்ததாகத்தான் பதிவேட்டில் எழுதியிருந்தது. அந்தச் சேதி வந்த அன்றே உலகம்மாள் பழைய மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரெண்டு கையெழுத்தும் விழுந்திருந்தன.

"டாக்டர் மேசையில மூத்திரத்த வைக்கிறவ இங்கன வேண்டாம். இந்தா, நீ கேட்டதுதான். வார்டுக்கே போய்த் தொலை."

எத்தனை மாசம் ஏங்கிய காகிதம்! மேலே போனால் நிம்மதிதான். ஆனால் அடுத்த 'மீன் முள்'காரன் அவளிடம் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"போகல. பாட்டிலைக் கழுவி ஊசி அலமாரியில வச்சிருக்கேன். எடத்த மாத்திராத."

ரிட்டயர் ஆகிற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு நல்ல வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் உலகம்மாள் டூட்டியிலும், முள் குத்திருச்சு என்று வருகிறவன் கைக்கு முதலில் அந்தப் பாட்டில்தான் போனது.