முதுகுக்குப் பின்னால் ஒரு கை

கோகிலவாணி போய்விட்டாள் என்று ஈப்போவிலிருந்து அவள் அத்தை போனில் சொன்னபோது, அவளுடைய அப்பா எங்கள் பிசியோதெரபி நிலையத்தில் என் முன்னால், நடைப்பயிற்சிக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்தவர். மகள்தான் அவரை மறுபடி நிற்க வைத்திருந்தாள். காய்ச்சல் என்று படுத்தவளுக்கு நுரையீரலில் சளி கட்டி, மலையிறக்கி ஈப்போவில் சேர்த்திருந்தார்கள். அவள் வரும்வரை பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிற ஆளிடம் சொல்லக்கூடிய செய்தியா இது?

"உக்காருங்க மாமா."

"ஏன், இன்னும் ஒரு நடை இருக்கே லா."

"இன்னிக்கு போதும். உக்காருங்க."

நாற்காலியை அவர் காலுக்குப் பின்னால் தள்ளினேன். அவர் உட்காரவில்லை, என் முகத்தையே பார்த்தார். தேயிலை லோரி ஓட்டி இந்த மலை வளைவுகளில் ஆயுசைக் கழித்தவர். "எம்பொண்ணா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டியதும்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அன்று எழுந்திருக்கவில்லை. நானும் அவரை அழைத்து வந்த டிரைவரும் தூக்கித்தான் காரில் வைத்தோம்.

கோகிலாவிடம் வந்து குணமானவர்களே, எங்களோடு படித்தவர்களே, என் முதல் கண்ணீர் அவளுக்காக வரவில்லை என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பயம் முந்திக்கொண்டது. அவள் அப்பா மாரிமுத்து மாமா இப்போது படுத்தால் படுத்ததுதான். அவள் பட்ட பாடெல்லாம் அவளோடு போய்விடும்.

நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளில் பக்கத்துப் பக்கத்து லயம். பிசியோதெரபி படிக்கக் கோலாலம்பூர் போகிறோம் என்றதும் லயமே கூடிக் கேட்டது. "அது டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை என்றோம். "அப்ப உருவி விடறதா? அதுக்கா கேஎல் வரைக்கும் போறீங்க?" எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கோகிலா சிரிக்காமல், "ஆமா அத்தை, நாலு வருசம் உருவிட்டு வரோம்," என்றாள்.

படிக்கும்போது நான் பயந்தது ஊருக்கே தெரியும். அவள் பயந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் விடுதி அறையில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுத் தசைகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பேனாவால் என் முதுகிலேயே எழுதிப் பார்த்தாள். காலையில் எவ்வளவு தேய்த்துக் குளித்தும் மை போகவில்லை. யாராவது பார்த்தால் காப்பியடிக்க எழுதியது என்று சொல்வார்களே என நடுங்கி, அந்த வெயிலில் தடித்த சட்டை போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனேன். அவள் பாஸ், நானும் பாஸ். பேனா மட்டும் அவளுக்கு நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனபோது நாங்கள் செய்தது தோட்டத்துப் பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் லயத்தில் ஒருவர் படுத்தால் எழவே விடமாட்டோம். சோற்றைப் பிசைந்து ஊட்டுவோம், கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போவோம், அதற்குப் பெயர் பாசம். அதே பழக்கத்தில் கோகிலா ஒரு சீனத் தாத்தாவின் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடத்தினாள். கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றுவிட்டார். "சியாப்பா ஜாலான்? லூ கா, குவா கா?" என்றார். நடப்பது யார், நீயா நானா என்று கேட்கிறார். நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. கையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால், படாமல், விழுந்தால் தாங்குகிற தூரத்தில் வைத்துக்கொண்டாள். தாத்தா தானாகவே கதவு வரைக்கும் போனார்.

பிறகு அந்தக் கை அங்கேயே நிலைத்துவிட்டது. "புடிச்சா நடக்க மாட்டாங்க, விட்டா விழுந்துருவாங்க. நடுவுல நிக்கறதுக்குத்தான் லா நமக்குப் பட்டம்," என்பாள்.

மலை மேலே தானா ராத்தா பட்டணத்தில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிலையத்தைத் திறந்தோம். முதல் சில மாதங்கள் ரொட்டி சானாய் வாசனை மட்டும்தான் படியேறி வந்தது. எனக்குத் தூக்கமில்லை. பிறகு தோட்டத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள், தேயிலை வெட்டும் கத்திரியைப் பிடித்துப் பிடித்துத் தோள் பிடித்துக்கொண்டவர்கள். வந்த ஒவ்வொருவர் பையிலும் ஒரு நல்லெண்ணெய் பாட்டில் இருந்தது. நான் பட்டத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், அவர்கள் எண்ணெயை நீட்டுகிறார்கள்! கோகிலா கோபப்படவே இல்லை. "எண்ணெ சமையல் சட்டிக்கு அக்கா, கைய எங்கிட்ட குடுங்க," என்று பாட்டிலை வாங்கி அலமாரியில் வரிசையாக வைப்பாள். கையைத் தலைக்கு மேல் தூக்க முடிந்த அன்று, அவரவர் பாட்டிலை அவரவரே மேல்தட்டிலிருந்து எட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும். அதுதான் அவள் வைத்த பரீட்சை.

மாமா பக்கவாதம் வந்து விழுந்த அன்று அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, விழுந்த கையைப் பிடித்தே இழுத்துத் தூக்கியிருக்கிறார்கள். வாசலில் காலை வைத்த கோகிலா போட்ட சத்தம் லயம் முழுக்கக் கேட்டது. "கையப் புடிச்சி இழுக்காதீங்க! தோளு கழண்டுரும்!" அதன்பின் அப்பாவுக்கு அவள் சோறு ஊட்டவில்லை, கரண்டியைத்தான் கொடுத்தாள். பாதிச் சோறு சட்டையில் சிந்தும். "பெத்த அப்பனுக்கு ஒரு வாய் ஊட்ட மாட்டாளா? கல்நெஞ்சுக்காரி," என்றார்கள். அவள் காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுவாள். "விழுந்துருவாரோன்னு பயமா இருக்கு தேவி. ஆனா புடிச்சிட்டா அவ்வளவுதான்," என்பாள்.

அடக்கத்தன்று அந்தப் பயம் முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது.

மணமாகாத பெண், கூடப்பிறந்தவர்கள் இல்லை. சித்தப்பா மகன் குடம் உடைப்பான் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். செய்தி கேட்டதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எம்பொண்ணுக்கு நாந்தான் ஒடப்பேன். நடந்துதான் ஒடப்பேன்."

தோட்டத்து இடுகாடு சரிவில் இருக்கிறது. காலையிலிருந்தே மழைத்தூறல். இடத்தோளில் குடம் என்றால் ஊன்றுகோல் பிடிக்கக் கையில்லை. வலக்கை இன்னும் அவர் சொல் கேட்பதில்லை. வழுக்கினால் இடுப்பெலும்பு உடையும், அதன்பின் எழவே மாட்டார். எங்கள் தோட்டத்தில் பெண்கள் இடுகாட்டு வாசலோடு நின்றுகொள்வது வழக்கம். நான் நிற்கவில்லை, அவருக்கு வலப்பக்கமாக உள்ளே நடந்தேன். ஒரு பெரியவர் வழியை மறித்தார்.

"பொம்பளைங்க உள்ள வரக்கூடாதும்மா."

மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது பொம்பள இல்லய்யா. என் பிசியோ."

அந்தப் பெரியவர் ஒதுங்கினார்.

குடத்தைத் தோளில் வைத்தார்கள். மாமா சவப்பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார். வலக்கால் மண்ணை இழுத்துக்கொண்டே வந்தது. துளையிட்ட குடத்திலிருந்து தண்ணீர் அவர் முதுகில் வழிந்து என் விரல்களிலும் சொட்டியது. என் கை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது, படவில்லை. பிடித்துவிடு பிடித்துவிடு என்று என் உடம்பே கத்தியது. தலைமாட்டில் ஈரமண்ணில் அவர் கால் சறுக்கியது. கூட்டம் ஐயோ என்றது. நான் பற்றுவதற்குள் அவர் முழங்காலை நிமிர்த்தி நின்றுவிட்டார், கோகிலா மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த மாதிரியே. சுற்றை முடித்தார். குடத்தைப் பின்னால் விட்டார், உடைந்தது.

வெளியே வந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டவர், மூச்சு வாங்க என்னைக் கேட்டார். "சறுக்குனப்ப புடிச்சியா?"

"இல்ல மாமா."

அப்போதுதான் அழுதார். "அவளும் புடிக்க மாட்டா," என்றார்.

இப்போது நிலையத்தில் நான் தனி. பாட்டில்கள் அலமாரியில் அப்படியே இருக்கின்றன, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டி எடுத்துப்போகிறார்கள். இவர்களையெல்லாம் என்னால் பார்த்துக்கொள்ள முடியுமா என்ற பயம் எனக்கு விடவில்லை, விடும் என்றும் தோன்றவில்லை. அவளுக்கும் விட்டதில்லை. அவள் கையை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மாமா ஊன்றுகோலோடு எங்கள் மாடிப்படி ஏறினார். நான் ஒரு படி கீழே, பின்னால், கையை நீட்டிக்கொண்டே வந்தேன்.